வெள்ளிக்கிழமைகளில் நீளும் சாலை

எங்கள் ஷூ ஃபேக்டரியின் கேட்டில் நேரம் எழுதுவது என் வேலை. ஆம்பூரிலிருந்து கப்பலுக்குப் போகிற எங்கள் கண்டெய்னர் ஒவ்வொன்றும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலி கண்டெய்னர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, பெட்டி ஏற்ற ஆரம்பித்தது எப்போது, ஏற்றி முடித்தது எப்போது, கதவுக்குச் சீல் போட்டது எப்போது, கேட்டைத் தாண்டியது எப்போது. இந்த ஐந்து நேரத்தையும் நீள நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே அன்றைய நேரங்களை ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பதரை. எல்லா வண்டியும் சொல்லிவைத்ததுபோல் கால் மணிக்கு ஒன்றாக வந்திருக்கும். நான் வந்த பிறகுதான் ஒன்பது ஏழு, ஒன்பது பத்தொன்பது என்றெல்லாம் நோட்டில் ஏறின. ஆபீஸில் ஒருவர், "ஏன்யா, ரயில்வேலயா வேல பாக்கற?" என்று சிரித்தார். வண்டி ஒன்பது ஏழுக்கு வந்தால் நான் வேறு என்ன எழுதுவது?

அதற்கு முன்பு நானும் பெட்டி ஏற்றுகிறவனாக இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதால் கேட்டுக்கு மாற்றினார்கள். அதனால் ஏற்றுவதைப் போய்ப் பார்க்காமலே எனக்குத் தெரியும். கண்டெய்னருக்குள் ஆழத்தில் அடுக்கும்போது அட்டைப்பெட்டியை வைக்கிற சத்தம் எதிரொலிக்கும். கதவை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் அமுங்கிப்போகும். சத்தம் அமுங்கியதும் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்துக்கொள்வேன். இன்னும் எத்தனை வரிசை என்று நான் சொன்னால் ஒரு வரிசைக்கு மேல் தப்பாது.

பேச்சுதான் எனக்கு வராது. நான்கு பேர் கூடி நின்றால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் வந்த கூச்சம் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான் இருந்தேன்.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாரத்தில் முக்கியமான கண்டெய்னர் வெள்ளிக்கிழமைதான் போகும். கப்பல் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குள் துறைமுகத்துக்குள் கண்டெய்னர் நுழைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாசலை அடைத்துவிடுவார்கள். அந்தக் கண்டெய்னரை இழுக்கிற டிரைவர் பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர். எங்கள் ஃபேக்டரிக்குப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவர். என்னைவிடச் சின்னவர், வாய் ஓயாதவர். ராகு காலத்தில் மட்டும் வண்டியைக் கேட்டைத் தாண்டிக் கிளப்ப மாட்டார். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

அது முடிந்தால் ஜும்மா. எங்கள் முதலாளி, அனுப்புகிற பிரிவைப் பார்க்கிற பாய், பெட்டி ஏற்றுகிறவர்களில் பாதிப்பேர், எல்லாரும் பன்னிரண்டுக்கெல்லாம் கை கால் கழுவிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து சாப்பிட்டு உட்கார இரண்டு மணி ஆகும்.

பாய் ஆரம்பத்திலேயே ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் ராகு முடிஞ்சா என் ஜும்மா. என் ஜும்மா முடிஞ்சா உனக்குப் பசி. எப்பத்தான்யா இந்த வண்டி போறது?"

டிரைவர்தான் வழி சொன்னார். "கேட்டத் தாண்டிட்டா கெளம்புன மாதிரிதான் பாய். பத்தேகாலுக்கு நான் வெளிய இட்டுக்கினு போய் நிறுத்திக்கறேன். அப்பறம் நீ கப்பல் பேப்பர எப்ப குடுத்தாலும் சரி. ராகு என்ன ஒண்ணும் கேக்காது."

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பத்து மணிக்குள் சீல் போடுவார்கள். டிரைவர் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும். ஐம்பதடி போய், எங்கள் சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் நிற்கும். எதிரே பிரியாணிக் கடை; சாப்பிட நிற்கிற வேறு லாரிகளும் அங்கே எப்போதும் உண்டு. நான் நோட்டில் 'வெளியே: 10.20' என்று எழுதுவேன். பெட்டி ஏற்றும் இடமும் அடுத்த வண்டிக்குக் காலியாகிவிடும். எல்லாருக்கும் வசதி. ஒருவர் நேரத்துக்கு இன்னொருவர் இடம் கொடுத்து நடக்கிற காரியம் என்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

போன வருஷம் இரண்டு கண்டெய்னர்கள் கப்பலைத் தவறவிட்டன. இரண்டும் வெள்ளிக்கிழமை வண்டிகள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சரக்கு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக எங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து சொல்கிற ஒரு குழுவை அனுப்பினார்கள். அந்தக் குழுவிலிருந்து எங்களிடம் வந்தது ஒரே ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு டேப்லெட். முதல் நாளே மாடி ஆபீஸில் உட்காராமல் நேராகக் கேட்டுக்கு வந்து, என் மேசைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"கடல்ல எத்தனை நாள் போகும்னு எல்லாருக்கும் தெரியும்ணா. அதை அளக்க நான் தேவையில்ல. சரக்கு நிக்கற நேரம்தான் எனக்கு வேணும். எங்க நிக்குது, எதுக்கு நிக்குது, எவ்வளவு நேரம்."

எனக்கு அந்தப் பேச்சு உடனே பிடித்துவிட்டது. நானும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. நோட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் பழைய பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வண்டிக்கும் நான் எழுதிய ஐந்து நேரம், துறைமுக வாசலில் பதிவான நேரம், கப்பல் ஏறிய நேரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்தாள். பக்கத்து ஊர்களின் ஃபேக்டரிகளிலும் இதே வேலையைச் செய்து வந்தவள் அவள். ஒருநாள் சொன்னாள்: "மத்த எடத்துல எல்லா நேரமும் பூஜ்யத்துலயும் அஞ்சுலயும்தான் முடியுதுண்ணா. உங்க நோட்டு மட்டும்தான் நிஜமான கடிகாரம் மாதிரி இருக்கு. இதை நம்பித்தான் நான் மிச்சத்தைக் கணக்கு போடறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தபோது எதிர்க்காற்றே தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் திரும்ப வந்தாள். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நீளமான பட்டை. பட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறம் கொடுத்திருந்தாள். பச்சை என்றால் சரியான நேரம். மஞ்சள் என்றால் கொஞ்சம் தாமதம். சிவப்பு என்றால் இங்கேதான் தப்பு.

"ஃபேக்டரிக்குள்ள எல்லாம் பச்சைண்ணா. உங்க முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். சிக்கல் ரோட்லதான். அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். செவ்வாக்கிழமை வண்டி ஆறு மணி நேரத்துல துறைமுகம் போயிடுது. வெள்ளிக்கிழமை அதே ரோடு, அதே தூரம், பத்து மணி நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் ரோடு நீளமாயிடுமா?"

சிரித்துக்கொண்டே ஒரு வரைபடத்தைத் திறந்தாள். வண்டியில் இருக்கிற கருவி, வண்டி நிற்கிற இடத்தைப் புள்ளியாகக் காட்டுகிறது. எங்கள் ஃபேக்டரிச் சுவருக்கு வெளியே, பிரியாணிக் கடைக்கு எதிரே, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதே இடத்தில் ஒரு கொத்துப் புள்ளிகள்.

"கேட்டைத் தாண்டினதும் சாப்பிட்டுத் தூங்கிட்டுத்தான் கிளம்பறாரு போல. எல்லா வெள்ளிக்கிழமையும் இவரேதான் டிரைவர். அவரை மாத்திடறேன்னு உங்க முதலாளி சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை வந்து ரிப்போர்ட்டை முடிச்சுக் குடுத்துடுவேன்."

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. 10.20 என்பது என் கையெழுத்து. அதில் ஒரு நிமிஷம்கூடப் பொய் இல்லை. வண்டி 10.20க்குக் கேட்டைத் தாண்டியதும் நிஜம். ஆனால் அவள் அந்த 10.20ஐ வண்டி துறைமுகத்துக்குக் கிளம்பிய நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நடப்பதெல்லாம் சாலையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. சாலையின் கணக்கு டிரைவரின் தலையில் விழுந்துவிட்டது.

'அம்மா, அவர் காகிதத்துக்காக நிற்கிறார்' என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாடியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேண்ணா" என்று எழுந்து போய்விட்டாள். திரும்பும்போது கூட இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். அவள் காருக்கு நான் கேட்டைத் திறந்துவிட்டேன். கார் போன நேரத்தையும் எழுதினேன். 4.12. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை டிரைவர் காலி கண்டெய்னரைக் கொண்டுவந்து விட்டார். எப்போதும் வண்டியில் இருந்து இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு இறங்குகிறவர், அன்று கதவைச் சாத்துகிற சத்தம்கூட வராமல் இறங்கினார்.

"தெரியுமாணா? இந்த வெள்ளிக்கெழமதான் எனக்கு கடைசி. அடுத்த வாரத்துலருந்து தோல் லோடு. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், பேர்ணாம்பட்டு."

நான் தலையை ஆட்டினேன்.

"ரிப்போர்ட்ல இன்னா இருக்காம் தெரியுமா? நான் பிரியாணி துண்ணுட்டு தூங்கறனாம். துண்ணேன். தூங்கனேன். நான் இல்லைன்னு சொல்லல. கையில பேப்பர் இல்லாம எங்கண்ணா போறது? முத டோல்கேட்ட தாண்டறதுக்குள்ள எவனாவது நிறுத்துனா இன்னாத்த காட்டறது, எலுமிச்சம்பழத்தயா?"

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"முதலாளிய பாக்க உட்டாத்தான? டிரான்ஸ்போர்ட்காரன் போன்ல சொல்றான். 'உன்னால எனக்கு பேஜாராப் போச்சு, ஒண்ணும் பேசாத'ன்றான். பதினோரு வருஷத்துல ஒரு சீல் ஒடஞ்சதில்ல, ஒரு பொட்டி நனஞ்சதில்ல. லோடு எங்க போனா இன்னா, அது கெடக்குது. கப்பல் லோட்ல இருந்து எறக்கி உட்டுட்டாங்கன்னு ஒரு பேர் வந்துடுச்சுன்னா, இந்த ரோட்ல எவனும் என்ன நம்பி ஒரு கண்டெய்னர் குடுக்க மாட்டான்ணா."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் நோட்டிலிருந்துதான் இது கிளம்பியது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. "நேரம் போட்டுக்கோணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போட்டுக்கொண்டேன். 11.34.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் வேறொரு ஃபேக்டரியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"இதுக்குத்தான் சோறு எறங்கலையா? அந்தப் பொண்ணுகிட்ட போய் சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"எல்லாரும் இருப்பாங்க. முதலாளி வேற."

"முதலாளி இன்னா உன்ன கடிச்சுத் துண்ணுடுவாரா? கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்பிடித்தான் கம்முனு குந்தினு இருந்த. எங்க அண்ணன் நீ ஊமைன்னே நெனச்சுக்கினான்."

"சொன்னாலும் வெறும் வாய்ப்பேச்சுதான? அவங்ககிட்ட கலர் கலரா பட்டை இருக்குது. வண்டி நின்னது பேப்பருக்காகத்தான்னு நான் எத வெச்சு காட்டறது?"

"பேப்பர் குடுக்கறப்ப யாரும் கையெழுத்து வாங்க மாட்டீங்களா? எங்க ஃபேக்டரில ஊசி ஒடஞ்சாக்கூட ஒடஞ்ச துண்டக் குடுத்து, கையெழுத்து போட்டுத்தான் புது ஊசி வாங்கணும்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

வாங்குவோம். என் மேசையிலேயே இன்னொரு நோட்டு இருக்கிறது. கப்பலுக்கான காகிதங்கள் அடங்கிய கவரை டிரைவரிடம் கொடுக்கும்போது அவர் கையெழுத்துப் போடுகிற சின்ன நோட்டு. அதில் நேரம் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என் கை சும்மா இருக்காது. டிரைவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுவேன். பெரிய நோட்டை அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள். அதன் கீழேயே கிடந்த சின்ன நோட்டை யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக் காட்டவில்லை. இரண்டும் ஒரு மேசையில் பல வருஷமாகக் கிடந்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே தோன்றியதில்லை.

வியாழக்கிழமை முழுவதும், வண்டி இல்லாத நேரத்தில், இரண்டு நோட்டையும் விரித்து வைத்து வெள்ளிக்கிழமைகளை மட்டும் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதினேன். கேட்டைத் தாண்டியது 10.20, கவர் கைக்கு வந்தது 2.09. கேட்டைத் தாண்டியது 10.17, கவர் 2.14. கப்பலைத் தவறவிட்ட இரண்டு வண்டிகளில் ஒன்றுக்குக் கவர் வந்தது 3.02. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். தாள் நன்றாகவே இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. கவரைத் தயார் செய்து கொண்டுவருகிறவர் பாய். சாலையில் இருந்து சிவப்பை எடுத்தால் அது பாயின் மேல்தான் விழும். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று தண்ணீர் ஊற்றியவர் அவர். அவருக்குத் தெரியாமல் இந்தத் தாளை மாடிக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வழக்கம்போல 10.20க்குத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் நின்றது. பாய் கேட் பக்கம் வந்தபோது தாளை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

"இத எடுத்துக்கினு மேல போறியா?"

"ஆமா பாய்."

"போனா என் பேரு வரும்."

"வரும் பாய்."

"இத்தன வருஷ தோஸ்த்துன்னு பாக்காம மாட்டி உடற."

"அதுக்குத்தான் பாய் உங்ககிட்ட மொதல்ல காட்டறேன்."

அவர் வெளியே நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "நீ இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்லய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றேகாலுக்கு நான் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கேட்டை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு அந்த நேரத்தில் நான் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. முதலாளியின் அறையில் அவரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் சுவரோரமாக நின்றிருந்தார். முதலாளி அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் பதினொன்றுக்குத்தான் வருவார். அத்தர் வாசனை அறை முழுக்க இருந்தது.

"இன்னாய்யா, கேட்ட உட்டுட்டு மேல வந்துட்டே?" என்றார்.

பேசாமல் பெரிய நோட்டை மேசையில் விரித்தேன். அதன் பக்கத்தில் சின்ன நோட்டை விரித்தேன். நடுவில் தாளை வைத்தேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். ஒரு விரலைப் பெரிய நோட்டிலும் இன்னொரு விரலைச் சின்ன நோட்டிலும் வைத்து, ஒவ்வொரு தேதியாக இறங்கினாள். நான்காவது தேதியில் நிமிர்ந்தாள்.

"பேப்பர் இவ்வளவு நேரம் கழிச்சுத்தான் டிரைவர் கைக்குப் போகுதா?"

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "ரோடு நீளலம்மா. வண்டி நம்ம சுவரோரமாத்தான் நின்னுது. இப்பவும் நிக்குது. ஜன்னல்ல பாருங்க."

முதலாளி எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே வேப்பமரத்தடியில் கண்டெய்னர் நின்றிருந்தது. வண்டியின் நிழலில் துண்டை விரித்து டிரைவர் படுத்திருந்தார்.

"யா அல்லா. இது இன்னும் போகலையா?" முதலாளி பாயின் பக்கம் திரும்பினார். "பத்தேகாலுக்கே போயாச்சுன்னு சொன்னியே?"

"கேட்டத் தாண்டியாச்சுன்னு சொன்னேன் முதலாளி."

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான்."

"பேப்பர் எங்க?"

பாய் முதலாளியின் மேசையைப் பார்த்தார். அங்கே, அந்தப் பெண்ணுக்காக வைத்திருந்த பிஸ்கட் தட்டுக்குக் கீழே, பழுப்பு நிறக் கவர் இருந்தது. பத்து மணிக்கே பாய் கொண்டுவந்து வைத்தது. முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"நீங்க வர்றது பதினொண்ணுக்கு. வந்ததும் ஆளுங்க வந்துடறாங்க. அப்பறம் ஜும்மா. தொழுகைக்குக் கெளம்பறவர நிறுத்தி கையெழுத்து கேக்க எனக்கு மனசு வரல முதலாளி. ரெண்டு மணிக்கு வாங்கிக்கலாம்னு உட்டேன். வண்டிதான் வெளிய போய்டுச்சேன்னு எல்லாருக்கும் ஒரு தைரியம்."

தாமதம் எங்கே என்று பேசத்தான் எல்லாரும் அங்கே கூடியிருந்தோம். தாமதம் பிஸ்கட் தட்டுக்குக் கீழே இருந்தது.

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். "அப்படின்னா சார், ரோட்ல இருக்கற சிவப்பை நான் எடுத்துடணும். ஆனா அது ஃபேக்டரி பக்கம் வந்துடும். வெளிநாட்டுக்காரங்க பார்ப்பாங்க."

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். ஃபேக்டரிக்குள் எல்லாம் பச்சை என்று அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று அவள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். அவர் நினைத்தால், நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

அவர் தட்டை நகர்த்திவிட்டு கவரை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஃபேக்டரி பக்கம் இன்னாம்மா ஃபேக்டரி பக்கம்? என் பேருலயே போடு. செவப்பு எங்க இருக்குதோ அங்க இருக்கட்டும். நாம நம்ம தப்ப அந்த ஆளு தலையில வெச்சு, அவனையும் மாத்திட்டா, அடுத்த வெள்ளிக்கெழம வர்ற டிரைவரும் அதே மரத்தடியில நிப்பான். அப்ப இன்னா, மரத்த வெட்டச் சொல்வியா?"

எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு தாளில் பாதி போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ நாளா ரெண்டு நோட்டும் உன்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமா முதலாளி."

"நல்ல ஆளுய்யா நீ." பாராட்டா திட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிறகு டிரான்ஸ்போர்ட்காரருக்கு அவரே போன் போட்டார். டிரைவரை மாற்ற வேண்டாம், தப்பு எங்கள் பக்கம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வெள்ளிக்கிழமை வண்டிக்கான கையெழுத்தை இனிமேல் வியாழக்கிழமை சாயங்காலமே வாங்கிவிட வேண்டும் என்று பாயிடம் சொன்னார். காகிதம் கைக்கு வராமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெண், பெரிய நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். வண்டி நிஜமாக நகர்ந்த நேரம். "ஸ்கேல் இருக்குதும்மா" என்றேன்.

கவரை நானே கீழே கொண்டுபோனேன். டிரைவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

"மணி இன்னாணா? ரெண்டு ஆயிடுச்சா?"

"பதினொண்ணு நாப்பத்தேழு."

"அதுக்குள்ளவா? யாராவது செத்துப் பூட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியாது. அவர் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சின்ன நோட்டில் கையெழுத்துப் போட்டார். எப்போதும் கிறுக்குகிறவர், அன்று முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினார்.

"அப்ப அடுத்த வெள்ளிக்கெழமையும் நான்தான்."

"நீதான்."

"பேப்பர் பத்து மணிக்கே வந்துடுமா?"

"வந்துடும்."

"அப்ப தூக்கம் போச்சு." சத்தமாகச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார்.

அடுத்த வாரம் பாய் வியாழக்கிழமை சாயங்காலமே கவரைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "இந்தாய்யா, ரயில்வே" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது. வெள்ளிக்கிழமை 10.19க்குக் கேட்டைத் தாண்டிய வண்டி, நிற்காமல் வேலூர் ரோட்டைப் பார்த்துப் போனது. ஐந்தாவது கட்டத்திலும் ஆறாவது கட்டத்திலும் ஒரே நேரத்தை எழுதினேன்.

அன்று நான் கிளம்பத் தயாராகும்போது டிரைவர் போன் செய்தார்.

"அண்ணா, வந்து சேந்துட்டேன். நாலு பத்துக்கெல்லாம் துறைமுகம் வந்துட்டேன். ஆனா வாசலுக்கு முன்னாடி லைன் நிக்குது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் ட்ரெய்லர்தான். ஒரு மணி நேரமா ஒரு வண்டி நகரல. ஆம்பூர்ல நின்னா பிரியாணியாவது கெடச்சுது. இத யாருண்ணா எழுதறது?"

அந்தப் பெண்ணிடம் இருக்கிற நேரம் வண்டி துறைமுக வாசலைத் தாண்டுகிற நேரம். வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்த நேரம் எந்த நோட்டிலும் இல்லை. அதுவும் சாலையின் கணக்கில்தான் சேரும்.

மூடிய நோட்டைத் திறந்தேன். ஆறாவது கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"லைன்ல சேந்தது சரியா எத்தனைக்குன்னு சொல்லு. நாலு பத்துன்னு உத்தேசமா சொல்லாத, நல்லா யோசிச்சு சொல்லு. வாசலத் தாண்டினதும் மறுபடி கூப்புடு. நான் எழுதறேன்."

"வீட்டுக்குப் போகலையா நீ?"

"வீட்லயும் பேனா இருக்குது" என்றேன்.